அடுத்த வருஷத்துக் கோல்கீப்பர்கள்

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி ரிங்கில் ஏழாம் பிரிவுக்கு அறுபது இருக்கைகள். அதில் ஒன்றுக்கு மட்டும்தான் நேர் மேலே ஹீட்டர் இருக்கிறது. மற்ற ஐம்பத்தொன்பதில் உட்காருகிறவர்கள் இரண்டு கால்சராய் போட்டுக்கொண்டு, காபிக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால் விரல் பத்தும் இன்னும் இருக்கிறதா என்று யோசித்தபடி ஆட்டம் பார்க்க வேண்டும். ஹீட்டருக்குக் கீழே இருப்பவர் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி பார்க்கலாம். அந்த இருக்கையில் நான் ஆறு குளிர்காலம் உட்கார்ந்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் பெயர் கோர்டி நீமெலா. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். ஒட்டர் பே கல்லூரி, பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியை ஆரம்பித்து இருபத்தாறு வருஷமாகிறது. இந்த இருபத்தாறு வருஷத்தில் உள்ளூரில் நடந்த ஒரு மேட்ச்சைக்கூட நான் விட்டதில்லை. என் மாமியாரின் அடக்கம் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. மேட்ச் ஏழு மணிக்கு. என் மனைவி ஆர்லீன் அதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளும் என் பக்கத்தில்தான் கறுப்பு உடுப்போடு உட்கார்ந்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஹீட்டர் இருக்கை யாருக்கு என்பதைப் பேப்பர்தான் தீர்மானிக்கும். சீசனின் கடைசி மேட்ச் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஏழாம் பிரிவுக்காரர்கள் நாங்கள் ஐந்து பேரும் வெர்னின் கடையில் பொரித்த மீன் சாப்பிடக் கூடுவோம். தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்பைத் திருப்பிப் போட்டு, அடுத்த வருஷ அணியில் யார் யார் இருப்பார்கள் என்று ஆளுக்கு இருபத்து மூன்று பெயர் எழுதுவோம். மடித்துக் காபி டப்பாவில் போட்டால் வெர்ன் அதை பாட்டில்களுக்கு மேலே ஏற்றிவைத்துவிடுவான். அக்டோபரில் முதல் மேட்ச் அன்று திறப்போம். யாருக்கு அதிகம் சரியோ அவருக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க ஹீட்டர்.

விதிகளைப் போட்டவள் பெர்னீஸ் டுகெட். எண்பத்தொரு வயது. முப்பது வருஷம் ஊர்த் தபால் நிலையத்தைக் கட்டி ஆண்டவள். கோச்சிடமோ ஆடுகிற பெண்களிடமோ துப்புக் கேட்கக் கூடாது. டப்பாவில் போட்டதை எடுக்கக் கூடாது. தன் பேப்பரில் இருப்பதை அக்டோபருக்கு முன் வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பேப்பர் செல்லாது. இவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு இதில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் மகள் கைசா அந்த அணியில் சேர்ந்தாள். கோல்கீப்பர். உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டு வந்தவள் இல்லை. தானாகப் போய்க் கதவைத் தட்டி, ஒரு வாரம் ஆடிக் காட்டி, மூன்றாவது கோல்கீப்பராகச் சேர்ந்தவள். அந்த வருஷம் பேப்பர் எழுதும் நாளில், எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற லீராய் காங்கஸ் முள்கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“இது நியாயமே இல்ல. நீமெலா வீட்டுக்குள்ளயே உளவாளி உக்காந்திருக்கா. ராத்திரி சாப்பாட்டுல மொத்த அணியையும் கக்கிடுவா. நாங்க மட்டும் குளிர்ல சாகணுமா?”

எனக்குச் சுருக்கென்றது. என் ஆறு வெற்றியில் நான்கு, கைசா கல்லூரிக்குள் காலே வைக்காதபோது வந்தவை. என் கண்ணைச் சந்தேகப்பட்டால் எனக்குப் பொறுக்காது. அங்கேயே எழுந்து நின்று, இனி எங்கள் வீட்டில் அடுத்த வருஷ அணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்னபடி நடந்தேன். அன்று முதல் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ‘அடுத்த வருஷம்’ என்று யாராவது ஆரம்பித்தால் நான் உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிவிடுவேன்.

இந்த மார்ச்சில் மறுபடி பேப்பர் நாள் வந்தது. அன்று காலையிலிருந்தே லாரியில் மனசுக்குள் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். பனி தள்ளுகிற வேலையில் யோசிக்க நேரம் நிறைய.

முன்வரிசை எனக்குச் சுலபம். கேப்டன் மெரடித் ஓஸ்ட்ரமும் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆடிய இருவரும் படிப்பு முடிந்து போகிறார்கள். கண்ணீர் விட்டுக் கையசைத்தாயிற்று. அந்த இடத்துக்கு சஸ்காட்சுவானிலிருந்து வந்த குட்டையான பெண் ஆடெட் வருவாள். இந்த வருஷம் நான்காம் வரிசையில் ஆடினாள், ஆனால் மூலையில் பக்கு என்கிற ரப்பர் வட்டுக்காகச் சண்டை போடும்போது அவளைவிட ஒரு அடி உயரமானவர்கள்தான் கீழே விழுந்தார்கள். லீராய்க்கு அவளைப் பிடிக்காது. ‘கால் ஓடுது, மூளை ஓடல’ என்பான். அவன் ஏன் பத்து வருஷமாகக் குளிரில் இருக்கிறான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பின்வரிசையில் இரண்டு பேர் வேறு கல்லூரிக்கு மாறிப்போவார்கள் என்று எனக்குப் பட்டது. கடைசி மேட்ச் முடிந்து எல்லோரும் வட்டமாக நிற்கும்போது அந்த இரண்டு பேரும் தங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும்.

பிறகு கோல்கீப்பர்கள். எங்கள் கோச் இருபது வருஷமாக மூன்று பேருக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. முதல் கோல்கீப்பர் ரோவன் டீல் இருக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இரண்டாமவள் படிப்பை முடித்துவிட்டாள். மினசோட்டாவிலிருந்து சிக்னி என்று ஒரு பெண் முழு உதவித்தொகையோடு வருகிறாள். அவள் பள்ளிக்கூட மேட்ச் எட்டை நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன். வலையை விட்டு வெளியே வரும் தைரியம் உள்ளவள். வெர்மான்டிலிருந்து கோரின் டெலனி மாறி வருகிறாள். அங்கே நாற்பது மேட்ச் ஆடியவள், மூன்றாவதாக உட்கார்ந்து கைதட்ட வரமாட்டாள். ஆக ரோவன், சிக்னி, டெலனி. மூன்று ஆயிற்று.

கைசா இந்த மூன்று வருஷத்தில் ஆடியது பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. ஏழுக்கு ஒன்று என்று நாங்கள் தோற்ற மேட்ச்சில் கடைசியில் இறக்கினார்கள். ஐந்து ஷாட் வந்தது, நான்கைத் தடுத்தாள். ஐந்தாவது கால்களுக்கு நடுவே போய்விட்டது. அப்போது ரிங்கே அமைதியாக இருந்தது, ‘அதைத் தடுத்திருக்கணும்!’ என்று ஒரு குரல் ஏழாம் பிரிவிலிருந்து கேட்டது. அது என் குரல். இருபத்தாறு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. ஆர்லீன் ஒரு வாரம் எனக்குக் காபி போடவில்லை.

வெர்னின் கடையில் எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். நான் மட்டும் இருபத்து மூன்றாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆர்லீன் தன் பேப்பரைத் திறந்தே வைத்திருந்தாள். முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் கைசா நீமெலா.

“மொத வரியிலயா?” என்று முணுமுணுத்தேன்.

“ஆமா. அதுக்கு என்ன இப்ப?”

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.”

“இருக்கட்டும். நீ என்ன ஆந்தையா? உன் குஞ்சு எதுன்னு உனக்கே தெரியாதா?”

அந்த நேரம் பார்த்து கைசா உள்ளே வந்தாள். நாங்கள் இரண்டு பீர் குடிக்கும் நாளில் வண்டி ஓட்டிப் போக அவள்தான் வருவாள். தொப்பியிலிருந்து பனியைத் தட்டிவிட்டு எங்கள் மேஜையருகே நின்றாள். நான் பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாமல் மறைப்பதுபோலப் பேப்பர் மேல் கையை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

“நான் வண்டில இருக்கேன்,” என்று போய்விட்டாள்.

இருபத்து மூன்றாவது வரியில் கோரின் டெலனி என்று எழுதி, மடித்து, டப்பாவில் போட்டேன். கண்ணுக்கு உறவு கிடையாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையோடு, கைசா ஓட்டிய வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் சௌனா, நீராவிக் குளியல். அம்மாவும் மகளும் முதலில் போய் வந்தார்கள், பிறகு நான் தனியாகப் போய்ச் சூடான கல் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, டெலனி வெர்மான்டில் தடுத்த ஷாட் கணக்கை மனசுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எழுதியது சரி என்பதற்கு எவ்வளவு காரணம் கிடைத்ததோ அவ்வளவுக்கு இன்னும் தண்ணீரை ஊற்றினேன்.

ஞாயிறு காலை வெயில் அடித்தது. வீட்டு முன்னால் வண்டிப் பாதையைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தேன். கைசா கால்பட்டை, மார்புக் கவசம், முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, சின்ன வயசில் வாங்கிய வலையைக் கராஜ் கதவுக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.

“அப்பா, கொஞ்சம் அடிச்சுக் குடேன்.”

“சீசன்தான் முடிஞ்சுபோச்சே.”

“அதனாலதான் கேக்கறேன்.”

பழைய மட்டையை எடுத்தேன். தெருவில் ஆடும் ஆரஞ்சுப் பந்துகள் ஒரு வாளி இருந்தன. நான் அடிப்பதைப் பார்த்தால் பனி தள்ளுவதுதான் எனக்குச் சரியான வேலை என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஐம்பது பந்து அடித்திருப்பேன். இரண்டு உள்ளே போயின. அதில் ஒன்று அவள் பாவம் பார்த்து விட்டது.

“அப்பா.”

“ம்.”

“உன் பேப்பர்ல நான் இருக்கேனா?”

நான் அடுத்த பந்தைக் குனிந்து எடுத்தேன். எடுக்க வேண்டியதைவிட அதிக நேரம் குனிந்தேன்.

“அதெல்லாம் அக்டோபர்லதான் தெரியும். விதி தெரியும்ல?”

“எனக்கு நாளைக்குத் தெரியணும்.”

முகமூடிக்குள்ளிருந்தே சொன்னாள். அவள் கல்லூரியில் படிப்பது காடுகளைப் பற்றி. வனத்துறையில் குளிர்கால வேலை ஒன்று அவளைத் தேடி வந்திருக்கிறது. கிழக்கே நூறு மைல் தள்ளி, வெட்ட வேண்டிய மரங்களுக்குப் பெயின்டால் குறி போடும் வேலை. வாரத்தில் நான்கு நாள். படிப்புக்கும் அது கணக்கில் சேரும், முடித்தால் அங்கேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதற்குப் போனால் ஹாக்கி இல்லை. வனத்துறைக்கும் கோச்சுக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இது எப்ப வந்துது?”

“ஜனவரில.”

“ஜனவரிலயா? மூணு மாசமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளினாள். முகம் சிவந்திருந்தது.

“எப்ப சொல்றதுப்பா? நான் ‘அடுத்த வருஷம்’னு வாயைத் தொறந்தா நீ உருளைக்கிழங்கு கேக்கறே. நானும் அம்மாவும் இந்தக் கராஜ்க்குள்ள போய் நின்னுக்கிட்டுப் பேசிக்கறோம், என்னமோ திருட்டுச் சாமான் பிரிக்கற மாதிரி. லீராய்க்குச் சந்தேகம் வந்துடக் கூடாதாம்!”

“அது வந்து… பந்தயத்துக்கு…”

“எனக்கும் தெரியும், பந்தயத்துக்குன்னு. இப்ப தெரியும். மொத வருஷம் என்ன நெனச்சேன் தெரியுமா? என் ஆட்டத்தப் பத்தி நல்லதாச் சொல்ல உன்கிட்ட ஒண்ணுமே இல்ல, அதான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். ஊர்ல இருக்கற எல்லாப் பொண்ணுங்க ஆட்டத்தையும் மணிக்கணக்காப் பேசறவன், என்னோடதப் பத்தி மட்டும் பேசமாட்டேங்கறான்னா வேற என்ன அர்த்தம்?”

மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயசில், பட்டப் பகலில், சொந்த வீட்டு வாசலில் ஒரு மனுஷன் அவ்வளவு வெட்கப்படக் கூடாது. தலைக்கு மேலே ஒரு ஹீட்டருக்காக என் பிள்ளையை மூன்று வருஷம் வாசலில் நிற்கவைத்திருக்கிறேன். அதைவிட மோசம், அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை.

“இல்ல, கைசா. என் பேப்பர்ல உன் பேரு இல்ல.”

அவள் முகமூடியை மறுபடி கீழே இழுத்துவிட்டாள். கராஜ் கூரையிலிருந்து உருகிச் சொட்டுவது கேட்டது. நான் இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ தோல்வி பார்த்திருக்கிறேன். அந்தச் சொட்டுச் சத்தம் மாதிரி எதுவும் என்னைப் படுத்தியதில்லை.

“ரோவன், சிக்னி, டெலனி. அதானே?” என்றாள்.

“அதான்.”

“நான் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.” ஒரு பந்தை என் பக்கம் உருட்டிவிட்டு, “கோச்சைக் கேட்டா ‘பாக்கலாம், பாக்கலாம்’ங்கறாங்க. அம்மாவைக் கேட்டா எனக்கு மேல ஆளே இல்லைங்கறாங்க. நேராச் சொன்னது நீ ஒருத்தன்தான்.”

“அழறியா?”

“வேர்வை.”

“சரி.”

மட்டையால் என் காலைத் தட்டினாள். “உன் பேப்பர் இப்ப செல்லாதுல்ல? சொல்லிட்டேல்ல?”

“செல்லாது.”

“அப்ப இனிமே பேசறதுக்குத் தடையில்ல. சொல்லு. மூணு வருஷத்து பாக்கி. என் ஆட்டம் எப்படி?”

கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தேன்.  அப்புறம் அணை உடைந்த மாதிரி வந்தது. இடது கால் எப்போதும் அரை நொடி தாமதம். களைத்துப்போனால் பிடிக்கிற கை முழங்கால் வரைக்கும் இறங்கிவிடுகிறது, போன நவம்பரிலிருந்துதான் இப்படி. ஆனால் மேலே பட்டுத் தெறிக்கிற பக்கைச் சாவகாசமாக மூலைக்குத் தள்ளிவிடுகிறாளே, அதில் ரோவன் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும். முன்னால் கூட்டம் மறைத்தால் குனிந்து இடுக்கில் பார்க்கிறாள், மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஷாட் வருவதற்கு முன்னால் வலையின் இரண்டு கம்பத்தையும் மட்டையால் தொட்டுவிட்டு நாக்கை நீட்டுகிறாள், அதை நிறுத்தினால் நாக்கு தப்பும்.

“இரு, இரு,” என்று நிறுத்தினாள். “போன நவம்பர்ல நான் ஆடவே இல்லையே. இதெல்லாம் எங்க பாத்தே?”

“வார்ம்-அப்ல.”

“வார்ம்-அப்ல என்னையா பாத்தே?”

“பின்ன யாரை? மேட்ச்சுக்கு முக்கால் மணி முன்னாடியே போய் உக்காந்துடறேன்ல? எல்லாரும் குளிருக்குப் பயந்து ஹீட்டருக்கடியில ஓடறேன்னு நெனச்சுக்கறாங்க. நீ வலையில நிக்கறது அந்த எட்டு நிமிஷம்தான். மத்ததெல்லாம் அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்.”

அவள் பனிக்குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால்பட்டையோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

“அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுது,” என்றாள்.

“எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கோ.”

“எதுக்கு? அதைத் தடுத்திருக்கணும்தான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். ஜன்னலில் ஆர்லீன் முகம் தெரிந்தது, உடனே மறைந்தது.

மதியம் வெர்னின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தப்பை மறைத்துவைத்து ஹீட்டருக்கடியில் உட்கார எனக்கு வராது. பெர்னீஸும் லீராயும் அங்கேதான் இருந்தார்கள். வெர்ன் டப்பாவை இறக்கினான். பெர்னீஸ் கண்ணாடியை மாட்டி, என் பேப்பரைத் தேடி எடுத்து, படிக்காமலே நான்காகக் கிழித்தாள்.

“மகளுக்குச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“எத்தன வருஷம் கழிச்சு?”

“மூணு.”

“உன் லாரியவிட மெதுவாத்தான் ஓடுது உன் புத்தி.”

லீராய் பீர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “என்னடா சொல்றே? நெசமாவே வீட்டுல பேசாம இருந்தீங்களா?”

“நீதானே உளவாளின்னு சொன்னே?”

“டேய், மீன் தின்னுக்கிட்டே சொன்னதுடா அது! ஒரு வாரத்துல மறந்துட்டேன். நீங்க வழக்கம்போலப் பேசிக்கிட்டுதான் இருப்பீங்கன்னு நெனச்சேன். எந்த வீட்டுலடா புள்ளைகிட்ட பேசாம இருப்பாங்க?”

வெர்ன் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.  

திங்கட்கிழமை கைசா கோச்சைப் பார்க்கப் போனாள். நான் வேலை முடிந்து நான்கு மணிக்கே வந்துவிட்டேன். ஆர்லீன் மாவுக்குள் இறைச்சி வைத்த பாஸ்டிகளை அடுப்பில் வைத்துவிட்டு, வெந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தாள். அப்படித் திறந்துகொண்டேயிருந்தால் எப்படி வேகும் என்று சொன்னேன். அப்படியானால் நீ வாசலை எட்டிப் பார்ப்பதை நிறுத்து என்றாள்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவள் வனத்துறைக்குப் போகிறேன் என்பாள். நல்லதுதான். நல்ல பெண், நல்ல வேலை, நல்ல மரங்கள். வாழ்த்துச் சொல்ல நான்கு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அவள் வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

“நாலாவது ஆளா என்னை வெச்சுக்கறேன்னாங்க,” என்றாள்.

“நாலாவதா? இருவது வருஷமா மூணு பேருதானே?”

“நானாத்தான் கேட்டேன். வெளியூர் மேட்ச்சுக்கு பஸ்ல எனக்கு இடம் கெடையாது. உள்ளூர் மேட்ச்லயும் பெஞ்ச்ல இடம் கெடையாது, வார்ம்-அப்பும் கெடையாது. பிராக்டிஸ்ல மட்டும் வலையில நிக்கலாம். மத்த மூணு பேரும் களைச்சுப்போனா, ஷாட்டைத் தடுக்க ஒரு ஆளு வேணும்ல? ஒப்புக்குச் சப்பாணி. சரின்னுட்டேன்.”

“வனத்துறை?”

“கோடைக்கு மறுபடி எழுதிப் போடுன்னாங்க. கெடைச்சாலும் கெடைக்கும், இல்லாட்டியும் இல்ல.”

என்னால் அடக்க முடியவில்லை. தயார் செய்த நான்கு வாக்கியமும் எங்கோ போய்விட்டன. “கைசா, நேத்து அவ்வளவு பேசினோமே! ஒரு மேட்ச் ஆடமாட்டே. ஒரு நிமிஷம்கூட ஆடமாட்டே. ஊர்ல ஒரு ஆளுக்கும் நீ அணியில இருக்கறதே தெரியாது. தேடி வந்த வேலையைத் தள்ளிட்டு இதுக்குப் போய் யாராவது ஒத்துக்குவாங்களா? இதுல உனக்கு என்ன இருக்கு?”

அவள் கோபப்படவில்லை. பாஸ்டியை இரண்டாகப் பிட்டு, ஆவி போகட்டும் என்று தட்டில் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். மிகவும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“இருவத்தாறு வருஷமா நீ எந்த வருஷத்துப் பேப்பர்லயும் இல்லையேப்பா. உனக்கு அதுல என்ன இருக்கு?”

ஆர்லீன் அடுப்புக் கையுறையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பனிக்காலத்தில் கண் தெரியாமல் லாரி ஓட்டிப் பழக்கம் உண்டு, சாப்பாட்டு மேஜையில் பழக்கமில்லை.

“பிராக்டிஸ் எத்தன மணிக்கு?” என்று கேட்டேன்.

“சாயந்தரம் அஞ்சரைக்கு. ஏன்?”

“வெளியாளுங்களை உள்ள விடுவாங்களா?”

“விடுவாங்க. ஆனா யாரும் வரமாட்டாங்கப்பா. லைட்கூடப் பாதிதான் போடுவாங்க.”

“நான் வர்றேன்,” என்றேன்.